தேசப்படம் தூக்கியவர்கள்

ஜூலை 10, திங்கள்

கடைசியில் என் தலையில்தான் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்து 'பாதுகாப்பும் நலமும்' நடத்த வேண்டுமாம். விளையாட்டு ஆசிரியர், "அதெல்லாம் லேடீஸ் சமாச்சாரமுங்" என்று நழுவிவிட்டார். அறிவியல் எடுக்கும் புது டீச்சருக்குப் பேச்சை எடுத்ததுமே முகம் சிவந்துவிட்டது. தலைமையாசிரியர் அருட்செல்வன் என் பக்கம் திரும்பினார். "பூங்கோதை டீச்சர், நீங்கதான் எடுக்கோணும். உங்ககிட்டன்னா புள்ளைங்க கூச்சப்படாது."

கூச்சப்படுவது பிள்ளைகளா நானா என்று அவர் யோசிக்கவில்லை. முகலாயர்களை முப்பது வருஷமாக ஆண்டுகொண்டிருக்கிறேன். இதற்குக் கோபியில் ஒரே ஒரு நாள் பயிற்சியும் ஒரு பெட்டி நிறையப் படங்களும்தான் கொடுத்தார்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அது எனக்குப் பிடித்த வேலை. பழைய மாணவர்கள் பணம் போட்டுக் கட்டிய புது அறையை ஆசிரியர் தினத்தன்று திறக்கிறோம். நான் படித்த பள்ளியிலேயே வேலை பார்ப்பதால் வாட்ஸப் குழுவில் என் சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. சாமியப்பன் சார் பெயரை அறைக்கு வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். எங்களுக்குப் பூகோளம் எடுத்தவர். எண்பத்து நாலு வயதாகியும் நிமிர்ந்து நடக்கிறார். அவருக்கு வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பு என்னுடையது.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் தேநீர் போட்டு வைத்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் கற்றுக்கொண்ட ஒரே வேலை அது. சர்க்கரைதான் தூக்கல்.

ஜூலை 14, வெள்ளி

முதல் வகுப்பு. பயிற்சியில் சொன்னபடி, "தெரியாத ஆள் கூப்பிட்டால் போகக் கூடாது" என்று ஆரம்பித்தேன். தெரியாத ஆள் யார் யார், சொல்லுங்கள் என்றேன். வகுப்பே முழித்தது.

பால்காரர்? "அது மணி மாமாங் டீச்சர்." ஆட்டோக்காரர்? "ரங்கண்ணன்." தண்ணீர்க் கேன் போடுகிறவர்? "அவரும் மாமாதானுங்." கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்? "பேரு தெரியாதுங். ஆனா சித்தப்பான்னுதான் கூப்புடுவோம்." ஐஸ் விற்கிறவர் தாத்தா, கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் அண்ணன். இந்த ஊரில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு அந்நியன் அகப்படவில்லை.

ஏழாம் வகுப்பு ஹரிவர்த்தினி எழுந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மூளையும்தான். "டீச்சர், என்ற கன்னத்தக் கிள்ளிக் கிள்ளி நோகடிக்கறது எல்லாமே தெரிஞ்சவிய தானுங். தெரியாதவிய யாரும் இதுவரைக்கும் கிள்ளுனதில்ல."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பெட்டியிலிருந்து எடுத்த படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் மிட்டாயை நீட்டிக்கொண்டு நின்றான். அப்படி ஒரு ஆளை நான் இந்த ஊரில் பார்த்ததே இல்லை. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

வாழ்த்து மடலுக்கு உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதுவதற்குள் பழைய பள்ளிக்கூடம் முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது.

ஓட்டுக் கட்டடம். தண்டவாளத் துண்டை அடித்தால் மணி. மதியம் கோதுமை ரவை உப்புமா, அடிப்பிடித்த வாசனையோடு. எங்களுக்கு அந்த அடிதான் வேண்டும், அதற்குத்தான் சண்டையே. ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே அறையில் உட்காருவோம். நடுவே தடுப்புக்கூடக் கிடையாது.

முந்தின பாடவேளை முடியும்போதே சாமியப்பன் சார் வாசலில் வந்து நின்று கேட்பது, "யாரு இன்னிக்கி மேப்பு?" என்றுதான். தேசப்படங்கள் எல்லாம் கட்டடத்தின் கடைசியில் உள்ள சாமான் அறையில் இருக்கும். அவருடைய மேசையும் அங்கேதான். துணியில் ஒட்டிய படம், இரண்டு பக்கமும் உருண்டைக் கட்டை, என்னைவிட உயரம். சுருளைப் பிரித்தால் வார்னிஷும் பழைய துணியும் கலந்த ஒரு மணம் வரும். அந்த மணத்துக்காகவே நான் பூகோளம் படித்தேன். கேட்டுவிட்டு அவரே ஒரு பெண் பெயரைச் சொல்லி, அந்த அறைக்குப் போய்விடுவார். அவள் சாமான் அறைக்குப் போய் அவர் எடுத்துத் தரும் படத்தை வாங்கி வர வேண்டும். பையன்களை அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை, பையன்களுக்கு வயிற்றெரிச்சல்.

ஆனால் தெய்வானை அக்கா இருந்தாளே! எட்டாம் வகுப்பு, பள்ளி லீடர், அதிகாரம் பண்ணவே பிறந்தவள். அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். தேசப்படம் வளையக் கூடாது, அதனால் இரண்டு பேர்தான் தூக்க வேண்டும். முன்னால் பிடிப்பவள் தலை, பின்னால் பிடிப்பவள் வால். தலை உள்ளே போய் வாங்கி வருவாள். வால் வாசற்படியில் ஒரு காலை வைத்து நிற்க வேண்டும். நின்றுகொண்டு பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வேண்டும். தலை வெளியே வரும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சாயங்காலம் அக்காவிடம் குட்டு விழும். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பெரிய கல்லையும் அவளே உருட்டி வைத்திருந்தாள்.

வசந்தகுமாரி தலை, நான் வால். திரும்பி வரும்போது படம் பாம்பு மாதிரி ஆடும், நாங்களும் ஆடுவோம். இன்றைக்கும் பதினாறாம் வாய்ப்பாட்டில் என்னை யாரும் மடக்க முடியாது.

பொங்கலுக்குப் பிறகு அந்தச் சந்தோஷமும் போயிற்று. ஒரு நாள் சார் என் பெயரைச் சொன்னார். "பூங்கோதை, நீ மட்டும் போ. ஒருத்தி போதும்." எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை. எழுந்து நின்றேன். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து தெய்வானை அக்கா எழுந்து, "நான் போறனுங் சார்" என்று கிளம்பிவிட்டாள். அடுத்த நாளும் அவள்தான், அதற்கு அடுத்த நாளும் அவள்தான். வேறு யாரையும் விடவில்லை. நான் வீட்டுக்குப் போய் அழுதேன். முழுப்பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிட்டாள். எனக்கு வருத்தமே வரவில்லை. அடுத்த வருஷம் எங்களுக்குப் பூகோளத்துக்கு வேறு சார்.

இதையெல்லாம் மடலில் எழுத முடியுமா? "தேசப்படத்தின் மீது எங்களுக்குக் காதலை உண்டாக்கிய ஆசான்" என்று ஒரு வரி எழுதினேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 20, வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. குடம் தூக்கி இடுப்பு போயிற்று.

ஜூலை 21, வெள்ளி

இன்றைக்குக் கத்தப் பழக்கினேன். பிடிக்காததை யாராவது செய்தால் 'வேண்டாம்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அங்கிருந்து ஓட வேண்டும், நம்புகிற பெரியவரிடம் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு சஞ்சித் போட்ட கத்தலில் சத்துணவுக்கூடத்து அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். அவன்தான் வகுப்பின் கோமாளி. "அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகலீங், பாடந்தானுங்" என்று அவருக்கே சமாதானம் சொல்லி அனுப்பினான்.

பிறகு கேட்டேன். பயமாக இருக்கிற இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள்?

ஹரிவர்த்தினி சொன்னாள். "பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம் கதவுல தாழ்ப்பா இல்லைங் டீச்சர். நாங்க ஜோடி போட்டுத்தான் போவோம். ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வாசல்ல நிக்கோணும். நிக்கறவ பாடீட்டே இருக்கோணும்."

"எதுக்குப் பாட்டு?"

"உள்ள இருக்கறவளுக்கு ஆளிருக்குன்னு தெரியோணுமுங். வார ஆளுக்கும் தெரியோணும். பாட்டு நின்னா ஏதோ ஆச்சுன்னு மத்தவிய ஓடியாருவாங்க."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்லீங். எட்டாங்கிளாஸ் அக்காங்கதான். அவியளுக்கு அதுக்கு முந்துன அக்காங்க."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். எதையோ எழுதப் போனேன், என்ன எழுதப் போனேன் என்று மறந்துவிட்டது. தலைவலி என்று சொல்லி மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பை விட்டுவிட்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

நேற்று ஆசாரியை வரவழைத்துக் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போடவைத்தேன். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் நானே போட்டு எடுத்துப் பார்த்தேன்.

இன்றைக்குப் புளி கொட்டை எடுத்தேன். அரிசி புடைத்தேன். பரணில் இருந்த பித்தளைப் பாத்திரத்தை எல்லாம் இறக்கித் தேய்த்தேன். "ஏம்புள்ள, தீபாவளிக்கு இன்னும் நாளிருக்குதே" என்றார் அவர். மடலைத் தொடவில்லை.

ஜூலை 26, புதன்

வசந்தகுமாரியைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். முட்டிவலி, மருமகள், பேரன் எல்லாம் பேசிவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"வசந்தி, நீதான எப்பவும் தலை. உள்ள போவியே. சாரு எப்பவாச்சும்..."

"எதுக்குடி இப்ப அதெல்லாம்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா யாரும் கேக்க மாட்டாங்க." அவள் அறைக் கதவைச் சாத்துவது கேட்டது. "ஒருக்கா கையப் புடிச்சு இழுத்தாரு. எட்டிக் கதவச் சாத்தப் பாத்தாரு. கல்லு கெடந்துச்சு, சாத்த முடியல. நீ வெளிய பதினாறாம் வாய்ப்பாட்ட முடிச்சுட்டு மறுக்காவும் மொதல்லயிருந்து ஆரம்பிச்சுட்ட. அந்தக் கழுதக் கொரலு இன்னும் காதுல கேக்குது. அவரு கைய விட்டுட்டாரு. நான் மேப்ப வாங்கீட்டு வந்துட்டேன்."

"ஏன்டி என்கிட்டச் சொல்லல?"

"உன்கிட்டச் சொல்லி? நீ வாலு. ஆடீட்டு வருவ."

கல்லை வைத்தது தெய்வானை அக்கா. வாய்ப்பாட்டைச் சொல்லவைத்ததும் அவள்தான். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நானும் கேட்கவில்லை, வசந்தியும் சொல்லவில்லை. மருமகள் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. ஆற்றுக்குப் போய்விட்டு வந்தோம். தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். எனக்குத்தான் இறங்கவில்லை.

குழுவில் கல்வெட்டுப் படம் வந்திருக்கிறது. கறுப்புக் கல்லில் பொன் எழுத்து, 'ஆசிரியர் திரு. சாமியப்பன் அரங்கம்.' கீழே இன்னொரு செய்தி. சார் சனிக்கிழமைதோறும் வந்து பிள்ளைகளுக்குத் தேசப்படம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம், சம்பளம் வேண்டாமாம். "என்ன மனசு!" என்று எல்லோரும் கும்பிட்டிருந்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

வகுப்பு முடிகிற நேரம். ஹரிவர்த்தினி கேட்டாள். "டீச்சர், நம்புற பெரியவியகிட்டச் சொல்லோணும்ங்கறீங்க. கெட்டது பண்ணுனதே எல்லாரும் கும்புடற பெரிய மனுசனா இருந்தா?"

"என்கிட்டச் சொல்லு."

"நீங்களும் அவரக் கும்புடறவியளா இருந்தா?"

பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். சஞ்சித்கூடச் சேட்டை பண்ணவில்லை.

"இருந்தாலும் நம்புவேன்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

தெய்வானை அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று ஊர் தள்ளித்தான் இருக்கிறாள், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. தோட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். என்னை அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்ததும், "அட, வாலு!" என்று ஒரு சிரிப்பு. நரைத்துவிட்டது, பல் இரண்டு இல்லை. அதிகாரம் மட்டும் அப்படியே இருந்தது. "அந்தக் கூடைய இக்கட்டால தள்ளு. எலையப் பரப்பீட்டே பேசலாம், புழு காத்திருக்காது."

மல்பெரி இலையைத் தட்டு தட்டாகப் பரப்பினோம். உப்புமா அடிக்குச் சண்டை போட்டதை அவள் சொன்னாள். அவள் வைத்த குட்டுகளை நான் சொன்னேன். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். பிறகு அறையைப் பற்றியும், பெயரைப் பற்றியும், சனிக்கிழமைகளைப் பற்றியும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை, சிரிப்புத்தான் நின்றது.

"பேரு வெக்கலாம்னு சொன்னது யாரு?"

"நான்தானுக்கா."

"உனக்கென்ன தெரியும்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

"அக்கா, ரெண்டு பேராப் போகச் சொன்னியே. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"எனக்கு யாரும் சொல்லல அம்முணி. நான் ஆறாவதுல தனியாத்தான் போனேன்."

இலை தீர்ந்துவிட்டது. வேறு கூடை எடுத்து வந்தாள்.

"அப்புறம் ஏன் பொங்கலுக்கு அப்புறம் நீயே போன?"

"அந்தாளு கல்ல எடுத்து வெளிய வீசிட்டான். ஒருத்தி போதும்னுட்டான். உன்ற பேரச் சொன்னான். நீ சந்தோசமா எந்திரிச்சு நின்ன." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீ சின்னப் புள்ள. எனக்குத்தான் தெரியுமே, அதான் போனேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியாக்கா?"

"எங்கம்மாகிட்டச் சொன்னேன். வெளக்குமாறு பிய்யற வரைக்கும் அடிச்சா. வாத்தியார் மேல அபாண்டம் பேசறயான்னு. அடிச்சுட்டு அவளும் அழுதா. அதோட படிப்ப நிறுத்தி, அடுத்த வருசமே கட்டிக் குடுத்துட்டாங்க." காலிக் கூடையைத் தள்ளி வைத்தாள். "கல்லுல பேரு இருந்தா இருந்துட்டுப் போவட்டும். புள்ளைங்ககிட்ட மட்டும் அந்தாள விடாத. என்ற பேர இழுக்காத. மருமக இருக்கறா."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவள் மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வார்னிஷ் மணம் எனக்கு இன்னும் பிடிக்கிறது. அந்த ஓட்டுக் கட்டடம், அந்தத் தண்டவாள மணி, எல்லாமே இன்னும் இனிக்கிறது. ஒருத்தி உள்ளே போய் வந்ததால்தான் எனக்கு அது இனிக்கிறது.

ஆகஸ்ட் 7, திங்கள்

தலைமையாசிரியரிடம் சொன்னேன். பெயரைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கேட்கக் கேட்க வியர்த்துவிட்டது.

"டீச்சர், உங்களுக்குங்களா நடந்துச்சு?"

"எனக்கு நடக்கலீங். நடக்காமப் பாத்துக்கிட்டாங்க."

ஊர் என்ன சொல்லும், பணம் கொடுத்தவர்கள் என்ன சொல்வார்கள், எண்பத்து நாலு வயசு, ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "சனிக்கிழம வகுப்ப மட்டும் எதையாச்சும் சொல்லி நிறுத்தீரலாமுங். பேரு இருந்துட்டுப் போகட்டுமே?" என்றார்.

"அந்தக் கல்லுக்குக் கீழ உக்காரவெச்சுத்தான் நான் புள்ளைங்ககிட்ட 'சொல்லுங்க, நம்பறேன்'னு பாடம் நடத்தோணுமா சார்? அப்படின்னா வேற ஆளப் பாருங்க" என்றேன். எழுந்து வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

காலையில் தேநீர் குடித்துவிட்டுக் குழுவில் எழுதினேன். "சாமியப்பன் சார் பெயரை முன்மொழிந்தவள் நான். அதைத் திரும்பப் பெறுகிறேன். அவர் நம் பள்ளிக்குள் வரக் கூடாது. காரணம், அவருக்குத் தேசப்படம் தூக்கிய பெண்களுக்குத் தெரியும். நான் வால்."

அனுப்பிவிட்டுக் கோலம் போடப் போனேன். திரும்பி வந்தால் ஒரே கூச்சல். "பெரிய மனுசர் பேரைக் கெடுக்காதீங்க." "சாகற காலத்துல இது தேவையா?" "டீச்சருக்கு அறையில் தன் பேர் வர ஆசை." எல்லாம் என்னோடு உட்கார்ந்து உப்புமா தின்ற பையன்கள்தான். பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் வசந்தகுமாரி எழுதினாள். "நான் தலை."

அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்களுக்கு ஒரு வருஷம் பின்னால் படித்த ஒருத்தி எழுதினாள், "வால்." அப்புறம் திருப்பூரிலிருந்து ஒருத்தி, "தலை." பெங்களூரிலிருந்து, "தலை." நான் பார்த்தே இராத ஒரு பெயர், "எங்க காலத்துல ஜோடி இல்லை. தனியா." வேலை செய்ய முடியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பையன்களில் ஒருவன் மட்டும் எழுதினான். "எங்கள ஏன் அவர் ஒரு நாளும் அனுப்பலைன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

என் கணவர் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இத்தன நாளு இது உள்ளுக்குள்ளயா இருந்துச்சு புள்ள?" என்றார். பிறகு அவரே உப்புமா கிண்டினார். அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சார் போன் செய்தார். குரல் தளரவில்லை.

"பூங்கோதை, உனக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணுனேன்?"

நாற்பது வருஷப் பழக்கம், நான் எழுந்து நின்றுவிட்டேன். நின்றபடியே சொன்னேன். "எனக்கு ஒண்ணும் பண்ணலீங் சார். எனக்குப் பதிலாப் போனவியளக் கேளுங்க."

வைத்துவிட்டார். நான் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 16, புதன்

அருட்செல்வன் சார் கல்வெட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாமியப்பன் பள்ளி வளாகத்துக்குள் வரக் கூடாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பணம் கொடுத்தவர்களில் ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டாராம். "கேட்டாக் கேக்கட்டுமுங். அவருக்கும் பொண்ணுக இருக்குது, யோசிப்பாரு" என்றார். புகார் கொடுப்பதானால் கூட வருவதாக வசந்தி சொல்லியிருக்கிறாள். அதை முடிவு செய்ய வேண்டியவள் தெய்வானை அக்கா. நான் அவசரப்படுத்த மாட்டேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

அறையைத் திறந்தாயிற்று. ரிப்பனை ஆறாம் வகுப்பின் கடைக்குட்டி வெட்டினாள். வாசலில் பெயர் எதுவும் இல்லை. எல்லோருக்கும் கேசரி.

செப்டம்பர் 8, வெள்ளி

மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். சஞ்சித் மட்டும் பை மாட்டியபடி நின்றான். என்ன சேட்டைக்கு அடி போடுகிறானோ என்று நினைத்தேன்.

"டீச்சர், பசங்களும் சொல்லலாங்களா?"

விளையாட்டு ஆசிரியரும் நானும், ஏன், அந்தப் பயிற்சிப் பெட்டியும்கூட இது பெண்பிள்ளைகள் விஷயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். "சொல்லலாம் சாமி. உட்காரு" என்றேன்.

அவன் சொன்னான். யார், என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவனுடையது. நான் நடுவில் பேசவில்லை. முடித்ததும், "நம்பறேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் கேட்டான். அந்தச் சத்தியம் மட்டும் செய்ய முடியாது, உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். தலைமையாசிரியரைக் கூப்பிட்டேன். அவர் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினார்.

"எங்கம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா டீச்சர்? எனக்குப் பயமா இருக்குது."

பனியன் கம்பெனியிலிருந்து அவன் அம்மா வேலையோடு வேலையாக ஓடி வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. என்ன வம்பு பண்ணினானோ என்ற முகத்தோடு உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை மேசை மேல் இறுகியது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சொன்னேன். நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன், கை ஓங்கினால் நடுவில் விழலாம் என்று.

சொல்லி முடித்தேன். அவள் எழுந்தாள். சஞ்சித் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"எத்தன நாளாடா தங்கம் இத ஒத்தையில வெச்சுட்டிருந்த?" என்று அவனை அப்படியே வாரி மடியில் போட்டுக்கொண்டாள். எட்டாம் வகுப்புப் பையன், அவள் உயரம் இருப்பான். கால் தரையில் இழுபட மடியில் கிடந்து அழுதான்.

நான் வராந்தாவுக்கு வந்து தெய்வானை அக்காவுக்குப் போன் போட்டேன். பெயரும் விவரமும் சொல்லவில்லை. "அக்கா, ஒரு புள்ள இன்னிக்கி வந்து சொல்லுச்சு. அதோட அம்மாவையும் வரச் சொன்னோம்."

"அய்யோ" என்றாள். "அடிச்சாளா?"

"அடிக்கலீக்கா."

"திட்டுனாளா?"

"இல்லக்கா. நம்புனாங்க. மடியில போட்டுட்டு உக்காந்திருக்கறாங்க."

"மடியிலயா" என்றாள் அக்கா. பட்டுப்புழுத் தட்டை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அக்கா அழ ஆரம்பித்தாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.